சுவருக்குள் கசியும் நீர்

புதுவைப் பகுதியின் பெரிய ஏரிகள் ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் ஆகும். அவற்றை அடுத்த வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களின் சிற்றூர்களில் வீட்டுக் குழாய்களில் வருவதோ நிலத்தடி நீரே. பாகூரை ஒட்டிய கடலோரத்தில் அந்நீரை அளவின்றி இறைத்தமையால் கடல்நீர் உட்புகுந்து, சிலவிடங்களில் கிணற்று நீர் உவர்ப்பாயிற்று. ஆகவே குளியலறைச் சுவருக்குள் வீணாகும் நீரும் சிறிதன்று.

அக்கசிவு கண்ணுக்குப் புலப்படாது; ஆயினும் அடையாளம் காட்டும். சுவரில் உப்புப் பூக்கும்; வண்ணம் உரியும்; கோடையிலும் வெளிச்சுவரில் பாசி படரும்.

ஐயம் எழுந்தால், இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, மாடித் தொட்டியின் நீர்மட்டத்தில் கோடிடுதல் வேண்டும். மோட்டாரை இயக்கலாகாது. காலையில் மட்டம் தாழ்ந்திருப்பின் எங்கோ கசிவு உண்டு. மறுநாள் இரவு தொட்டியடியிலுள்ள வால்வையும் மூடிப் பார்க்க வேண்டும். அப்போதும் தாழ்ந்தால் பழுது தொட்டியில். தாழாவிடில் வால்வுக்கு அப்பால்.

உடனே சுவரை உடைக்கத் தொடங்குவோர் பலர். அது வீண் செலவு. முதலில் கழிப்பறைத் தொட்டியில் சிறிது சொட்டு நீலம் கலந்து, அரைமணி நேரம் தொடாமல் விடுதல் நன்று. பீங்கானில் நீலம் இறங்கினால், தேய்ந்த அடைப்பு ரப்பரை மாற்றினாலே போதும். சொட்டும் குழாய்க்குப் பெரும்பாலும் புது வாஷரே மருந்து. நொடிக்கு ஒரு துளியாயினும் ஒரு நாளில் 86,400 துளிகள் போய்விடும்.

சுவருக்குள் பிளாஸ்டிக் குழாயே விண்டிருந்தால், நீரை நிறுத்தி, பழுதான பகுதியை அறுத்தெடுத்து, ஈரத்தை நன்கு துடைத்துப் புதுத் துண்டைப் பசையால் இணைக்க வேண்டும். ஈரத்தின்மேல் பசை பிடிக்காது. அது இறுகும்வரை வால்வைத் திறத்தலும் கூடாது.