தபாலில் விளைபொருள் விற்பனை: கட்டணக் கணக்கு தெரிந்தால்தான் இலாபம்

மஞ்சள் தூள், முருங்கை இலைப் பொடி, சாமை, வரகு, நாட்டுச் சர்க்கரை போன்றவற்றைத் தாமே பக்குவம் செய்து, பொட்டலம் கட்டி, கைப்பேசி வழியே ஆர்டர் பெற்றுத் தபாலில் அனுப்பும் சிறு விவசாயிகளை இன்று பல மாவட்டங்களிலும் காண முடிகிறது. இடைத்தரகர் இன்றி நுகர்வோரை நேரடியாக அடைவது வரவேற்கத்தக்க முயற்சியே. ஆனால் இவர்களில் பலர் உழவுக் கூலி, உரச் செலவு, அரவைக் கூலி எல்லாவற்றையும் பைசா சுத்தமாக எழுதி வைத்துவிட்டு, தபால் செலவை மட்டும் மனக்கணக்காக விட்டுவிடுகின்றனர். வியாபாரி பிடிக்கும் தரகைப் பற்றிக் குறைபடும் நாம், தபாலுக்குப் போகும் பணத்தை ஏனோ தரகாக எண்ணுவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஈரோட்டுப் பக்கத்து விவசாயி ஒருவர் 250 கிராம் மஞ்சள் தூளை ரூ.100 என்று விலை வைத்து, 'தபால் செலவு இலவசம்' என்றும் அறிவித்துவிடுகிறார் என வைத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து ஓர் ஆர்டர் வருகிறது. தூள் 250 கிராம்தான். ஆனால் உள்பை, வெளியுறை, ஒட்டும் நாடா எல்லாம் சேர்ந்து 275 கிராம் ஆகிவிடுகிறது. இதை ஸ்பீடு போஸ்ட் எனப்படும் விரைவுத் தபாலில் அனுப்பக் கட்டணம் ரூ.75. அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ரூ.13.50. ஆக மொத்தம் ரூ.88.50. விவசாயிக்கு மிஞ்சுவது ரூ.11.50. இதில் பொட்டலச் செலவு போக, மஞ்சளின் அடக்க விலைகூடத் தேறாது. இப்படி நூறு ஆர்டர் வந்தால் நூறு மடங்கு நஷ்டமே.

கட்டணம் எவ்வாறு அமைகிறது?

2025ஆம் ஆண்டில் பதிவுத் தபால் விரைவுத் தபாலுடன் இணைக்கப்பட்டது. 2025 அக்டோபர் 1 முதல் விரைவுத் தபாலுக்குப் புதிய கட்டணமும் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 50 கிராம் வரை உள்ள உறைக்கு, உள்ளூர் தவிர மற்ற எல்லாத் தூரத்துக்கும் ஒரே கட்டணமாக ரூ.47. அதற்கு மேல் 250 கிராம் வரை, 200 கிலோமீட்டருக்குள் ரூ.59, 500 கிலோமீட்டர் வரை ரூ.63, 1000 வரை ரூ.68, 2000 வரை ரூ.72, அதற்கும் அப்பால் ரூ.77. 251 முதல் 500 கிராம் வரை இதே வரிசையில் ரூ.70, 75, 82, 86, 93. உள்ளூருக்குள் என்றால் மூன்று எடைப் படிகளுக்கும் முறையே ரூ.19, 24, 28 மட்டுமே. இவை யாவும் வரி நீங்கலான கட்டணங்கள்.

இந்த அட்டவணை ஆவணங்கள் என்ற பிரிவுக்கு வெளியிடப்பட்டது. பார்சலுக்கு வேறு அட்டவணை உண்டு. ஆகவே உங்கள் பொட்டலத்தின் மாதிரி ஒன்றை அஞ்சலகத்துக்கு நேரில் எடுத்துச் சென்று, அது எந்தப் பிரிவில் ஏற்கப்படும் என்பதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். விலைப் பட்டியல் தயாரிப்பது அதற்குப் பிறகுதான்.

மேற்கண்ட எண்களைச் சற்றுக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். பலரும் அஞ்சுவதுபோல் தூரம் அவ்வளவு பெரிய செலவு அன்று. 500 கிராம் பொட்டலத்தை ஈரோட்டிலிருந்து கோவைக்கு அனுப்ப ரூ.70. அதே பொட்டலம் அசாமில் உள்ள கவுகாத்திக்குப் போக ரூ.93. நாட்டின் மறுகோடிக்குப் போவதற்கு அதிகம் ஆவது ரூ.23தான். தொலைவைக் காரணம் காட்டி வெளிமாநில ஆர்டர்களைத் திருப்பிவிட வேண்டியதில்லை. நம் பணத்தைக் கரைப்பது எடைப் படியும், சின்னச் சின்ன ஆர்டர்களுமே.

எடைப் படியைத் தாண்டாதிருக்க

250 கிராமுக்கு ஒரு கிராம் கூடினாலும் அடுத்த படிக்குரிய கட்டணம் விழும். எனவே பொட்டலத்தின் நிகர எடையையே மாற்றி அமைப்பது நல்லது. தூளை 220 கிராமாக அடைத்தால் உறையுடன் 250 கிராமுக்குள் அடங்கும். சென்னைக்கு வரி சேர்த்து ரூ.74.34 ஆகும். ஒரு பொட்டலத்துக்கு ரூ.14.16 மிச்சம். உறையின் மேல் 220 கிராம் என்றே அச்சிட்டு, விலையையும் அதற்கேற்ப வைக்க வேண்டும். 250 என்று எழுதி 220 அடைப்பது மோசடி. வாடிக்கையாளரும் மறுமுறை வரமாட்டார்.

இதைவிடச் சிறந்த வழி இரண்டு பொட்டலங்களைச் சேர்த்து விற்பது. 220 கிராம் பொட்டலம் இரண்டு, உறையுடன் 480 கிராம் வரும். கட்டணம் அதே ரூ.88.50தான். பொட்டலம் ஒன்றுக்கு ரூ.44.25 வீதம் விழுகிறது. பார்சலில் பொதுவாக முதல் எடைப் படிக்குக் கட்டணம் கூடுதலாகவும், பின்வரும் படிகளுக்குக் குறைவாகவும் இருக்கும். ஆதலால் மஞ்சளுடன் மல்லித் தூள், மிளகாய்த் தூள், சிறுதானியம் என்று சேர்த்து, ஒன்று அல்லது இரண்டு கிலோ 'குடும்பப் பொட்டலம்' ஒன்றை உருவாக்கலாம். 1, 2, 3, 5 கிலோ பார்சல்களுக்கு உங்கள் அஞ்சலகத்தில் என்ன கட்டணம் என்று கேட்டு, அதைக் கிலோ கணக்கில் வகுத்து, ஓர் அட்டையில் எழுதிப் பொட்டலம் கட்டும் இடத்தில் மாட்டி வையுங்கள். ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் சிறிய மின்னணுத் தராசும் அவசியம். பொருளை அல்ல, கட்டி முடித்த பொட்டலத்தையே நிறுக்க வேண்டும்.

இலேசான பொருளுக்கும் எடை உண்டு

கரூர் மாவட்டம் அரவக்குறிச்சிப் பகுதி போல முருங்கை மிகுந்த இடங்களில் உள்ளவர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். பார்சல்களில் உண்மையான எடை, கன அளவு எடை ஆகிய இரண்டில் எது கூடுதலோ அதற்கே கட்டணம் கணக்கிடும் முறை உள்ளது. தனியார் கூரியர்களும் இதைப் பின்பற்றுகின்றனர். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பொதுவாக 5000ஆல் வகுத்தால் வருவதே கன அளவு எடை, கிலோவில். 30, 20, 20 சென்டிமீட்டர் உள்ள பெட்டியில் ஒரு கிலோ உலர்ந்த முருங்கை இலையை அனுப்பினால் கணக்கில் வருவது 2.4 கிலோ. அதே இலையைப் பொடியாக்கினால் 24, 16, 12 சென்டிமீட்டர் பெட்டியே தாராளம். அதன் கன அளவு எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. பழைய பிஸ்கட் பெட்டி சும்மா கிடைக்கிறதே என்று பெரிய பெட்டியில் அனுப்புவது சிக்கனம் ஆகாது.

தேனும் எண்ணெயும் அனுப்புவோர் கசிவைத் தடுக்க இரட்டை அடைப்புச் செய்ய வேண்டும். கசிந்தால் நம் பொருளோடு பக்கத்திலிருக்கும் தபால்களும் பாழாகும்.

திரும்பி வரும் பார்சல்

முன்பு வி.பி.பி. முறையில் புத்தகமும் மருந்தும் வரவழைத்தவர்கள் அதன் தொல்லையை அறிவர். பொருளைக் கொடுக்கும்போது பணம் பெறும் முறையில், வாங்குபவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போன செலவு நம் தலையில்தான். யு.பி.ஐ. மூலம் பணம் வந்த பின்னரே பொட்டலம் கட்டுவதை வழக்கமாக்கிக்கொள்ளலாம். விலை உயர்ந்த பொருளுக்கு ரூ.5 மற்றும் வரி கூடுதலாகச் செலுத்தி, உரியவரிடம் மட்டும் ஒப்படைக்கும் பதிவு வசதியைப் பெறலாம். கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைச் சொன்னால் மட்டுமே ஒப்படைக்கும் வசதிக்கும் அதே தொகைதான். 'வந்து சேரவில்லை' என்ற வழக்குகள் இதனால் குறையும்.

முகவரியில் பின்கோடு சரியாக உள்ளதா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். 1972 ஆகஸ்ட் 15இல் அறிமுகமான இந்த 6 இலக்க எண்ணைக் கொண்டுதான் தபால் பிரிக்கப்படுகிறது. ஓர் இலக்கம் தவறினால் பொட்டலம் ஊர் சுற்றிவிட்டுத்தான் வரும்.

ஒரே ஊரில் நாலைந்து பேர் இத்தொழிலில் இருந்தால், தனித்தனியே அஞ்சலகம் செல்வதைவிட உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் பெயரில் சேர்ந்து அனுப்புவது பெட்ரோலையும் அரைநாள் வேலையையும் மிச்சப்படுத்தும். புதிதாகச் சேரும் மொத்த வாடிக்கையாளர்களுக்கு விரைவுத் தபாலில் 5 சதவீதச் சலுகை 2025ஆம் ஆண்டுக் கட்டண அறிவிப்பிலேயே இடம் பெற்றுள்ளது. அதற்கான விதிமுறைகளைக் கோட்ட அஞ்சல் அலுவலகத்தில் கேட்டறியலாம். பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட அரிசி, தானிய மூட்டைகளுக்கு லாரி பார்சல் சர்வீஸ் கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் அதில் வாங்குபவரே போய் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஒவ்வொரு ரசீதையும் ஒரு நோட்டில் ஒட்டி, பக்கத்தில் பொட்டலத்தின் எடை, ஊர், பெற்ற விலை, மிஞ்சிய தொகை ஆகியவற்றை எழுதி வாருங்கள். இரண்டு மாத நோட்டைப் புரட்டினாலே எந்தப் பொட்டலத்தை நிறுத்த வேண்டும், எதன் விலையை உயர்த்த வேண்டும் என்பது தெரிந்துவிடும்.