தோற்காத அணிக்கு ஐந்தாம் இடம்

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக வீரர்கள் தொலைக்காட்சி முன் கூடியிருந்தார்கள். அந்தப் பருவத்தில் ஆடிய 13 ஆட்டங்களிலும் வென்று, ஏசிசி லீக் கோப்பையையும் கைப்பற்றியவர்கள். கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பாலின் தேசியப் பட்டத்துக்கு மோதப்போகும் நான்கு அணிகள் அறிவிக்கப்பட்டன: மிச்சிகன், வாஷிங்டன், டெக்சாஸ், அலபாமா. கடைசி இரண்டும் தலா ஓர் ஆட்டம் தோற்றவை. தோல்வியே காணாத ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு ஐந்தாம் இடம்.

முதல் நிலைப் பிரிவில் மட்டும் 130-க்கும் அதிகமான அணிகள். ஓர் அணி ஒரு பருவத்தில் ஆடுவதோ ஏறக்குறைய 12 ஆட்டங்கள்தான். பெரும்பாலான அணிகள் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. எனவே ஐபிஎல் போல ஒரே புள்ளிப் பட்டியல் போட்டுவிட முடியாது. யாராவது உட்கார்ந்து வரிசைப்படுத்தியாக வேண்டும். 1936 முதல் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் விளையாட்டு நிருபர்களின் வாக்கைக் கொண்டு வாரந்தோறும் அதைச் செய்துவருகிறது. முதல் பட்டியல் பருவம் தொடங்கும் முன்பே வந்துவிடும். ஒரு பந்துகூட வீசப்படாத நிலையில் கிடைக்கும் அந்த இடம், பழம்பெருமை உள்ள அணிகளுக்குப் பல வாரங்கள் கைகொடுக்கிறது என்பது என் எண்ணம்.

1998-ல் கணினிக் கணக்கும் சேர்ந்தது. அதனால் சண்டை ஓயவில்லை. 2003 பருவத்தில் நிருபர்கள், பயிற்சியாளர்கள் என இரு தரப்பு வாக்கெடுப்பிலும் முதலிடத்தில் இருந்த தெற்கு கலிஃபோர்னியாவை (யுஎஸ்சி) மொத்தக் கணக்கு மூன்றாவதாகத் தள்ளியது. முதலிரு இடங்களில் இருந்த அணிகள் மோதிய இறுதி ஆட்டத்தில் ஓக்லஹோமாவை லூசியானா ஸ்டேட் (எல்எஸ்யூ) வென்றது. நிருபர்கள் யுஎஸ்சி-யையே சாம்பியன் என்றார்கள். ஒரே ஆண்டில் இரண்டு சாம்பியன்கள்!

2014 முதல் பட்டத்துக்கு மோதும் அணிகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு 13 பேர் கொண்ட தேர்வுக் குழுவிடம். 2023-ல் அந்தக் குழு சொன்ன காரணம் காயம். ஃப்ளோரிடா ஸ்டேட்டின் தாக்குதலை வழிநடத்தும் வீரரான குவாட்டர்பேக் ஜோர்டான் டிராவிஸ் நவம்பரில் கால் முறிந்து விலகிவிட்டார். அவர் இல்லாத அணி பழைய அணி அல்ல என்றது குழு. முக்கிய வீரர் ஆட முடியாத நிலையைக் கணக்கில் எடுக்கக் குழுவின் விதியிலேயே இடமுண்டு.

அந்த விதியே தவறு என்பேன். இதுவரை யார் சாதித்தார்கள் என்பது ஒரு கேள்வி. நாளை மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு மைதானத்தில் சாட்சி இருக்கிறது. இரண்டாவது வெறும் ஊகம். அந்த ஊகம் எவ்வளவு பிசகும் என்பதை இதே குழு தன் முதல் ஆண்டிலேயே பார்த்தது. 2014-ல் ஒஹாயோ ஸ்டேட்டின் முதல் இரண்டு குவாட்டர்பேக்குகளும் காயத்தால் விலக, மூன்றாவது ஆளான கார்டேல் ஜோன்ஸ் களமிறங்கினார். விஸ்கான்சினை 59-0, அலபாமாவை 42-35, ஓரிகானை 42-20 என வீழ்த்திப் பட்டத்தோடு திரும்பினார்.

ஃப்ளோரிடா ஸ்டேட் பிறகு ஆரஞ்ச் பௌல் என்ற ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 63-3 எனத் தோற்றதைச் சுட்டிக்காட்டி, குழு செய்தது சரிதான் என்பவர்கள் உண்டு. மனம் உடைந்த அந்த அணியில் இருபதுக்கும் மேற்பட்ட வீரர்கள் அன்று ஆடவில்லை. பட்டம் எட்டாமல் போன பின் நடந்த ஆட்டத்தை வைத்து, முந்தைய 13 வெற்றிகளை எடைபோடுவது நியாயமா?

அடுத்த ஆண்டே வாசல் 12 அணிகளுக்கு விரிந்தது. 2024-ல் இரண்டு ஆட்டம் தோற்று, தரவரிசையில் ஆறாவதாக நின்ற ஒஹாயோ ஸ்டேட் அதன் வழியாகத்தான் நுழைந்தது. இறுதி ஆட்டத்தில் நோட்டர் டேமை 34-23 என வென்று கோப்பையைத் தூக்கியது.