காட்டின் அடியில் கிடப்பது

மழைக்காடுகளைப் 'பூமியின் நுரையீரல்' என்று எழுதிக்கொண்டே இருக்கிறோம். மேடைக்கு நல்ல உருவகம், விஷயத்துக்கு உதவாது. முதிர்ந்த காடு வெளியிடும் பிராணவாயுவில் ஏறக்குறைய முழுவதையும் அதன் சுவாசமும் மக்கலுமே தின்றுவிடுகின்றன. என்னைப் பொறுத்தவரை காட்டின் அரசியல் அது பிடித்துவைத்திருக்கிற கரிமத்தில் இருக்கிறது.

காங்கோவின் நடுப்படுகையைப் பார்ப்போம். இரண்டு காங்கோ நாடுகளிலும் பரவிய சதுப்புக்காடு. இலையும் வேரும் கிளையும் தண்ணீருக்குள் விழுகின்றன. அங்கே பிராணவாயு அரிது என்பதால் நுண்ணுயிர்களால் முழுதாக மக்கச்செய்ய முடிவதில்லை. அரைகுறையாய் மக்கியதன் மேல் அரைகுறையாய் மக்கியது என்று பத்தாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்து, சில இடங்களில் ஆறு மீட்டர் ஆழம்வரை போகிறது. பீட் என்பது இதுதான். முற்றா நிலக்கரி என்றும் சொல்வார்கள். 2017-இல் கிரேட்டா டார்கி, சைமன் லூயிஸ் குழுவினர் 'நேச்சர்' இதழில் தந்த கணக்குப்படி இதற்குள் சுமார் 3,000 கோடி டன் கரிமம். காங்கோ வடிநிலத்தில் வெறும் 4 சதவீதப் பரப்பு. ஆனால் மிச்சமுள்ள 96 சதவீதத்தின் மரங்கள் தரைக்கு மேல் வைத்திருக்கிற அளவு இதன் அடியில் கிடக்கிறது.

வெட்டினால் மறுபடி நட்டுக்கலாம் என்கிறவர்கள் இங்கேதான் யோசிக்கணும். கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தாலே போதும். காற்று உள்ளே போகும், மக்கல் மீண்டும் தொடங்கும், கரிமம் கரியமில வாயுவாகக் கிளம்பிவிடும். இந்தோனேசியாவின் கலிமந்தானில் நெல் விளைவிக்கிறோம் என்று வடித்த நிலம் 1997-இல் மாதக்கணக்கில் எரிந்தது.

இந்தக் கரிமத்தைக் 'கண்டுபிடித்தார்கள்' என்கிறது செய்திமொழி. அங்கே மீன் பிடித்துப் பிழைக்கிறவனுக்குத் தன் சதுப்பு தெரியாதா என்ன? தெரியாதிருந்தது அதன் விலை. 2022 ஜூலையில் கின்ஷாசா அரசு எண்ணெய்த் தொகுதிகளை ஏலம் விட்டது. சில, இந்தச் சதுப்பின் மேலேயே விழுந்தன. மேற்கிலிருந்து கண்டனங்கள். 1908 வரை லியோபோல்டின் ரப்பருக்காகக் கைகள் வெட்டப்பட்ட நாட்டுக்கு ஐரோப்பா ஒழுக்கம் போதிப்பதில் எனக்கு ஒரு கசப்பு உண்டு. அதற்காக, எண்ணெய்ப் பணம் சதுப்போரக் கிராமத்துக்கு வந்து சேரும் என்று அந்த அரசு சொல்வதையும் நம்ப முடியலை. 2024-இல் ஏலத்தை ரத்து செய்தார்கள். 2025-இல் புதிய தொகுதிகளைத் திறந்தார்கள்.

எண்ணெய்க்காரன் தோண்டக் கேட்கிறான், கார்பன் வரவு விற்கிறவன் தோண்டாதிருக்கக் கேட்கிறான். இருவரும் போய் நிற்பது அமைச்சகத்தின் வாசலில். ஏனென்றால் அந்நாட்டின் 1973-ஆம் ஆண்டு நிலச்சட்டப்படி மண் அரசின் சொத்து. கிராமத்தார் கையில் இருப்பது 2014-இன் ஓர் ஆணை: 50,000 ஹெக்டேர் வரை சமுதாயக் காடாகக் கேட்டு அவர்கள் விண்ணப்பிக்கலாம்.