பெயர் தெரியாத பவளம்

கடல்நீர்த் தொட்டிக்குப் பெயர்ச்சீட்டு இல்லாமல் ஒரு பவளம் வந்துவிட்டால், பலரும் அதன் நிறத்தைத்தான் படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நிறத்தை நம்பவே கூடாது. நீல எல்.இ.டி. விளக்கின் கீழ் மங்கலான பழுப்புப் பவளம்கூடப் பச்சையாக ஒளிரும். விளக்கை அணைத்து, பவளம் விரியும்வரை காத்திருந்து, சிவப்பு டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாக ஒரே ஒரு பாலிப்பின் உணர்கொம்புகளை எண்ணுங்கள். சரியாக எட்டு இருந்து, ஒவ்வொன்றின் இரு ஓரங்களிலும் இறகு போலச் சிறு கிளைகள் தெரிந்தால் அது மென்பவள வகை. ஆறின் மடங்கில் இருந்தால் கல் பவளமாகவோ, எலும்புக்கூடு இல்லாத அதன் உறவாகவோ இருக்கலாம். சதைக்கு அடியில் சுண்ணாம்புக் கிண்ணங்கள் தட்டுப்பட்டால் கல் பவளமேதான். நம் கடலிலிருந்து கல் பவளத்தை எடுப்பதும் விற்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மன்னார் வளைகுடாப் பவளம் என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

இனப் பெயர் பிறகு கிடைக்கட்டும். அது எதைத் தின்று வாழ்கிறது என்பதுதான் அவசரமான கேள்வி. தொட்டிகளில் வளரும் பெரும்பாலான பவளங்களின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. ஒளியைக் கொண்டு அவை தயாரிக்கும் சர்க்கரையில் பெரும்பங்கு பவளத்துக்குப் போகிறது. ஆனால் டியூபாஸ்ட்ரியா எனப்படும் ஆரஞ்சு நிறச் சூரியப் பவளத்தில் அந்தப் பாசி கிடையாது. கடலில் அது குகைச் சுவர்களிலும் பாறை விளிம்பின் அடியிலும் வளர்வது. அதன் பளீர் நிறத்தைப் பார்த்து விளக்குக்கு நேர் கீழே வைத்துவிட்டு, உணவு கொடுக்காமல் பட்டினி போட்டுக் கொன்றுவிடுகிறார்கள். வருந்த வேண்டிய சாவு அது, ஏனென்றால் அதைக் காப்பாற்றுவது அத்தனை கடினமில்லை. இரவில் பம்ப்பை நிறுத்திவிட்டு, பனி இளகிய மைசிஸ் இறாலை டிராப்பரில் எடுத்து ஒவ்வொரு வாயருகிலும் விட வேண்டும். உணவின் வாடை பட்டதும் மூடிக் கிடந்த மொட்டு உப்பும், மஞ்சள் கொம்புகள் நீளும், இறாலைச் சுற்றி மடிந்து மெல்ல நடுவாய்க்குள் தள்ளும். வாரத்தில் சில நாள் இப்படி ஊட்டினால் போதும்.

வகை உறுதியாகும்வரை எதையும் தொட்டியின் அடியில், நிழலும் மிதமான நீரோட்டமும் உள்ள இடத்தில் வையுங்கள். ஒளி குறைந்தால் பவளம் சில வாரம் தாங்கும். திடீரென்று அதிகமானால் சில நாளிலேயே வெளிறிவிடும். வெப்பம் 25 டிகிரி, உப்பு லிட்டருக்கு 35 கிராம், கால்சியம் 400 முதல் 450 மில்லிகிராம் என்ற அளவுகள் அதிகம் ஆடாமல் இருக்கட்டும். பக்கத்துப் பவளத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பது நல்லது. கலாக்சியா போன்றவை இரவில் நீளமான கொட்டும் கொம்புகளை வீசி அண்டை வீட்டாரைக் கொல்லும்.

எலும்புக்கூடு இல்லாமல், பொத்தான் பொத்தானாகக் கல்லைப் போர்த்தியிருந்தால் அது சோவாந்திட் வகையாக இருக்கக்கூடும். இவற்றில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு. 1971இல் ஹவாய் உயிரி ஒன்றிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். அந்தக் கல்லைச் சுத்தம் செய்வதாக எண்ணிக் கொதிக்கவைத்து, ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. ஆகவே வெந்நீர் ஊற்றாதீர்கள், பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, கல்லை நீருக்குள்ளேயே வைத்து நகர்த்துங்கள். விரலில் வெட்டுக்காயம் இருந்தால் அந்த வேலையை அது ஆறும்வரை தள்ளிப்போடுங்கள்.