கழுத்து எத்தனை டிகிரி திரும்பும்?

ஸ்டாண்டிங் டெஸ்க் எபிசோடுக்கு வந்த மெயில்ல பாதி கழுத்து வலி பத்தித்தான். ஒருத்தர் எழுதியிருந்தார்: "ஃபிசியோ அளந்து பார்த்துட்டு ரேஞ்ச் நார்மல்னு சொல்லிட்டாங்க. ஆனா வலிக்குது. வீட்ல யாரும் நம்ப மாட்டேங்கறாங்க."

அந்த அளவு எப்படி எடுக்கறாங்கன்னு பார்த்தா, ரெண்டுமே உண்மையா இருக்கலாம்னு புரியும்.

கழுத்துல ஏழு எலும்பு. மேல இருக்கிற ரெண்டுக்கு அட்லஸ், ஆக்சிஸ்னு பேரு. தலையை இடம் வலமாத் திருப்பறதுல கிட்டத்தட்ட பாதி, இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் நடக்குது. வலி இல்லாத ஒருத்தருக்குப் பாடப்புத்தகக் கணக்கு இதுதான்: பக்கத்துக்குச் சுமார் 80 டிகிரி திருப்பலாம், காதைத் தோள் பக்கம் சாய்ச்சா 45, குனிஞ்சா 45 முதல் 50, அண்ணாந்தா 60 முதல் 70.

இதை அளக்க சிராம்னு ஒரு கருவி இருக்கு. மூக்குக்கண்ணாடி ஃப்ரேம் மாதிரி மாட்டிக்கணும். மூணு டயல். குனியறதையும் பக்கம் சாயறதையும் புவியீர்ப்பை வெச்சு ரெண்டு டயல் காட்டும். மூணாவது, திசைகாட்டி முள். அது எதுக்குன்னா, நிமிர்ந்து உட்கார்ந்து தலையைத் திருப்பும்போது புவியீர்ப்போட திசை தலைக்கு மாறவே மாறாது. அதனால சாய்வுமானிக்கு எதுவும் தெரியாது. உடம்பும் சேர்ந்து திரும்பிட்டா கணக்குக் கெடும்னு தோள்ல ஒரு காந்தமும் மாட்டுவாங்க.

நம்ம போன்ல இருக்கிற ஆக்சிலரோமீட்டருக்கும் இதே பிரச்சினைதான். திசைகாட்டி ஆப்பை நம்பலாம்னா, பக்கத்துல ஸ்டீல் பீரோவோ ஸ்பீக்கரோ இருந்தா போச்சு. ஒரு வழி இருக்கு. மல்லாந்து படுத்து, போனை நெத்தியில வெச்சுத் தலையைத் திருப்புங்க. இப்போ திரும்பறதே சாய்வா மாறிடுது, புவியீர்ப்பு போதும். (எனக்கு இந்த மாதிரி ஹேக் ரொம்பப் பிடிக்கும்.)

அடுத்தது நாய்ஸ். ஒரே ஆளை ஒரே நாள்ல ரெண்டு தடவை அளந்தாலும் சில டிகிரி மாறும். போன வாரம் 72, இந்த வாரம் 75னு வந்தா முன்னேற்றம்னு கொண்டாட வேண்டாம். வயசும் முக்கியம். 1992ல 11 வயசுல இருந்து 97 வயசு வரை 337 ஆரோக்கியமானவங்களை அளந்தப்போ, பத்து வருஷத்துக்கு அண்ணாந்து பார்க்கறதுல சுமார் 5 டிகிரியும் மத்ததுல சுமார் 3 டிகிரியும் குறையறது தெரிஞ்சுது.

இப்போ மெயிலுக்கு வருவோம். கழுத்து வலிக்காரங்களைக் குழுவா எடுத்தா சராசரி அசைவு குறைவுதான். ஆனா ரெண்டு குழுவோட கிராஃபும் நிறைய ஒண்ணு மேல ஒண்ணு விழும். நேத்து வரை 90 திரும்பினவர் இன்னிக்கு 78ல நின்னா, அட்டவணைப்படி அவர் நார்மல். பேஸ்லைன் யார்கிட்டயும் இல்லையே! அதோட, எவ்வளவு தூரம்ங்கறது மட்டும் கதை இல்லை. வலி இருக்கிறவங்க கழுத்தை மெதுவாவும் தயங்கித் தயங்கியும் திருப்பறாங்க. இதெல்லாம் டிகிரில வராது.

1991ல பிரான்ஸ்ல மிஷெல் ரெவெல் குழு ஒரு சோதனையை எழுதினாங்க. தலையில ஒளிக்கற்றை, 90 சென்டிமீட்டர் தள்ளிச் சுவர். கண்ணை மூடித் தலையைத் திருப்பி, பழைய நேர் நிலைக்கே திரும்பணும். விலகல் சராசரியா 4.5 டிகிரியைத் தாண்டினா, அதாவது சுவத்துல ஏழு சென்டிமீட்டர், கழுத்தோட நிலை உணர்வுல கோளாறு இருக்கலாம்.

அதனால ஃபிசியோகிட்ட மொத்த டிகிரியோட, எந்தப் பக்கம், எத்தனாவது டிகிரில வலி ஆரம்பிக்குதுன்னும் குறிச்சுக்கச் சொல்லுங்க. அடுத்த தடவையும் அதே ஆள், அதே கருவி, அதே நாற்காலியா இருந்தா நல்லது. ஆனா விபத்துல அடிபட்டிருந்தாலோ, கை மரத்துப்போனாலோ, பலம் குறைஞ்சாலோ வீட்ல போனை வெச்சுத் திருப்பிப் பார்க்காதீங்க. நேரா டாக்டர்கிட்ட போங்க.