அரபு நாட்டுக்குப் போகுமுன் அறிந்து கொள்ளுங்கள்



1977, 1983 கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறிய குடும்பங்களிலும் வீட்டு வேலைக்கு சவூதி, குவைத் போறவர்கள் உண்டு. போறதுக்கு முந்தி சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

அங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை. சவூதி நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. நோன்பு மாதத்தில் பகலில் பிறர் பார்க்க உண்பதோ, தண்ணீர் குடிப்பதோ கூடாது. நாம் எந்தச் சமயமானாலும் சரி. வெளியே போகும்போது உடம்பை மூடிய உடுப்பு அவசியம்.

பெட்டியில் கசகசா வேண்டாம். நமக்கு அது கறிச்சரக்கு. சவூதியிலும் அமீரகத்திலும் போதைப்பொருள் கணக்கு. பன்றி இறைச்சி, சாராயம் கொண்டு போகவே கூடாது. தாயத்து, மந்திரிச்ச கயிறு இங்கேயே இருக்கட்டும். சவூதியில் சூனியம் பெருங் குற்றம். மருந்து கொண்டு போனால் டாக்டர் துண்டும் சேர்த்து வையுங்கள்.

முக்கியமாக, வயதைக் கூட்டிப் பாஸ்போர்ட் எடுக்காதீர்கள். மூதூர் ரிசானா நபீக் 2005இல் அப்படித்தான் போனார். பொறுப்பில் இருந்த குழந்தை இறந்தது. பாஸ்போர்ட் வயதைப் பார்த்துப் பெரியவளாகவே நடத்தினார்கள். 2013 ஜனவரி 9இல் மரண தண்டனை நிறைவேறியது.

1985இல் தொடங்கிய வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து விட்டே போங்கள். பாஸ்போர்ட், ஒப்பந்தம் இரண்டின் பிரதியும் வீட்டில் ஒருவரிடம் இருக்கட்டும். ஏஜென்சிக்காரர் அவசரப்படுத்தினாலும் வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். வாசிக்கத் தெரியாதவர்கள் நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு வாசிப்பித்துக் கேளுங்கள், அதில் வெட்கமில்லை.