தூர்வாரிய சேற்றில் கிடைத்த நீலக் குப்பி

சென்ற மாதம் ஆனைமலையைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் புறநோயாளிகள் பிரிவுக்கு வந்தார். நீரிழிவு நோய்க்காகப் பத்து ஆண்டுகளாக என்னிடம் மருத்துவம் பெறுபவர். வலக்கையில் துணி சுற்றியிருந்தது; இடக்கையில் ஒரு மஞ்சள் பை. தென்னந்தோப்புக் கிணற்றில் தூர்வாரிய சேற்றை அள்ளிக் கொட்டியபோது, அதற்குள் கிடந்த உடைந்த கண்ணாடி உள்ளங்கையைக் கிழித்துவிட்டதாம். நான் துணியைப் பிரித்துக்கொண்டிருக்கையில், அவர் பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார். ஆழ்ந்த நீல நிறம், ஆறு பட்டை, பட்டைகளின்மேல் வரிவரியான மேடுகள்.

“சேத்துக்குள்ள இதும் கெடந்துச்சுங்க டாக்டர். பாக்க அழகா இருக்குதுங்களே, கழுவிப்போட்டுப் பேரனுக்குத் தண்ணி ஊத்திக் குடுக்கலாமுங்களா?”

குப்பியைத் திருப்பிப் பார்த்தேன். ‘உட்கொள்ளாதீர்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் கண்ணாடியிலேயே புடைப்பாக இருந்தன. நஞ்சு வைப்பதற்கென்றே அக்காலத்தில் வார்க்கப்பட்ட குப்பி அது. மின்விளக்கு இல்லாத காலத்தில், நள்ளிரவில் இருமல் மருந்தைத் தேடும் கை, பக்கத்திலிருக்கும் கார்பாலிக் அமிலத்தை எடுத்துவிடக் கூடாது. அதனால்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் நஞ்சுக் குப்பிகளுக்குத் தனி நிறமும் தனி வடிவமும் கொடுத்தார்கள். எழுத்தறியாதவரின் விரலும் இருளிலேயே அதை இனங்கண்டுகொள்ளும்.

பெரியவரின் கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். நோய் தேறிவரும் நாட்களில் பொழுதைப் பயனுறக் கழிக்க என்ன செய்யலாம் என்று பலர் என்னைக் கேட்பதுண்டு. பழைய கண்ணாடிக் குப்பிகளைச் சேகரிப்பது செலவும் அவசரமும் இல்லாத நல்ல பொழுதுபோக்கு. நோயாளியும் உடனிருப்பவரும் சேர்ந்தே ஈடுபடலாம். ஆனால், தொடங்கும் முன் சிலவற்றை அறிந்திருத்தல் வேண்டும்.

பரணிலிருந்து தொடங்குங்கள்

முதல் குப்பிக்காக மண்வெட்டியைத் தேட வேண்டியதில்லை. வீட்டுப் பரண், பழைய மளிகைக் கடையின் பின்கட்டு, இடிக்கப்படும் ஓட்டு வீடு, பழைய இரும்புக் கடை ஆகிய இடங்களே போதும்.

கிடைக்கக்கூடியவற்றுள் முதன்மையானது கோலி சோடா பாட்டில். ஆங்கிலேயரான ஹைரம் காட் 1872இல் காப்புரிமை பெற்ற வடிவம் அது. பாட்டிலைத் தலைகீழாக வைத்து வாயு கலந்த நீரை அடைப்பார்கள். நிமிர்த்தும்போது உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தமே கோலியைக் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு இறுக்கி அடைத்துவிடும். குடிக்கும்போது கோலி உருண்டு வந்து வாயை அடைக்காமலிருக்கவே கழுத்தில் கிள்ளினாற்போன்ற குழிவுகள் உள்ளன. கோலிக்காகச் சிறுவர்கள் உடைத்துத் தீர்த்தது போக எஞ்சியவையே இன்று நமக்குக் கிடைக்கின்றன. 1916இல் விருதுநகரில் தொடங்கப்பெற்ற காளிமார்க் போன்ற நம் ஊர்க் குளிர்பான நிறுவனங்களின் பழைய பாட்டில்களும் சேகரிக்கத் தக்கவை.

எனக்கு மிகவும் பிடித்தது, என் தாத்தாவின் அலமாரியிலிருந்த மிக்சர் பாட்டில். அந்நாளில் நோயாளிகள் மருந்தகத்துக்குத் தாமே பாட்டில் கொண்டு செல்வார்கள். கம்பவுண்டர் மருந்தை ஊற்றி, பல் பல்லாக வெட்டிய காகிதப் பட்டை ஒன்றைப் பக்கவாட்டில் ஒட்டித் தருவார். ஒரு பல், ஒரு வேளை மருந்து. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அளவு தவறாமல் உட்கொள்ள அதைவிட எளிய வழி வேறில்லை.

வயதை அறியும் வழி

குப்பியை வெளிச்சத்தில் பிடித்து அச்சுக் கோட்டைப் பாருங்கள். இரு பக்கமும் மேலேறும் அக்கோடு, வாய் விளிம்புக்குக் கீழேயே மறைந்தால் பெரும்பாலும் அது வாயால் ஊதிச் செய்தது. விளிம்பு வரை தொடர்ந்து ஏறினால் இயந்திரத்தில் செய்தது. அமெரிக்கரான மைக்கேல் ஓவன்ஸின் தானியங்கி இயந்திரம் 1903க்குப் பிறகுதான் புழக்கத்துக்கு வந்தது. அடிப்பாகத்தில் சொரசொரப்பான வடு இருந்தால் குப்பி இன்னும் பழையதாக இருக்கக்கூடும். தகர மூடி அமரும் விளிம்பு இருந்தால், அம்மூடிக்குக் காப்புரிமை வழங்கப்பட்ட 1892க்குப் பிற்பட்டது. மணலிலுள்ள இரும்பே கண்ணாடிக்கு இளம்பச்சை நிறம் தருகிறது. மண்ணில் நெடுநாள் கிடந்த கண்ணாடியின்மேல் வானவில் போன்ற மினுமினுப்புப் படர்ந்திருக்கும்; அதைத் தேய்த்துப் போக்கிவிடாதீர்கள்.

எங்கே தோண்டலாம்?

மேலை நாடுகளில் பழைய குப்பைக் குழிகளைத் தோண்டிக் குப்பி எடுப்போர் பலர். நம் பகுதியிலும் பழைய பங்களாக்களின் பின்புறம் அத்தகைய குழிகள் இருந்திருக்கும். வால்பாறை மலையில் காடழித்துத் தோட்டங்கள் எழுந்த காலத்தில் மலேரியா தொழிலாளர்களைக் கொத்துக் கொத்தாகக் கொண்டு சென்றது. அத்தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் எழுதிய நாவல் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் வந்துள்ளது. படித்தோர் அத்துயரை அறிவர். கொய்னா மருந்துக்கான மரத்தின் பெயரால் சின்கோனா என்றே ஓர் ஊர் அங்கு இருக்கிறது. அக்கால மருந்துக் குப்பி ஒன்று கையில் கிடைத்தால், அதைக் காத்திருந்த ஒரு காய்ச்சல்காரரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எனினும், ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள்ளும் பிற காப்புக்காடுகளிலும் தோண்டுவது அறவே கூடாது. தனியார் நிலமாயின் உரிமையாளரின் இசைவு வேண்டும். பழங்காசோ, மணியோ, முதுமக்கள் தாழியோ தென்பட்டால் உடனே நிறுத்திவிட்டு வருவாய்த்துறையினருக்குத் தெரிவியுங்கள். நொய்யல் கரையிலுள்ள கொடுமணலின் பழந்தொழில்களை நாம் அறிந்தது, அகழாய்வாளர்கள் மண்ணை அடுக்கடுக்காகப் படித்ததால்தான். அவ்வடுக்கைக் கலைத்துவிட்டால் மீண்டும் படிக்க இயலாது.

மருத்துவரின் வேண்டுகோள்

கால் மரத்துப்போன நீரிழிவு நோயாளிகள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்வோர், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோர், அண்மையில் அறுவை மருத்துவம் செய்துகொண்டோர் ஆகியோர் மண்ணைத் தோண்ட வேண்டாம். பரணும் பழைய இரும்புக் கடையும் உங்களுக்குப் போதும். மற்றவர்கள் தடித்த தோல் கையுறையும் மூடிய காலணியும் அணிக. கல்லிடுக்கில் கை விடாதீர்கள்; குச்சியால் கிளறிப் பார்த்த பிறகே குனியுங்கள். இடுப்பளவுக்கு மேல் ஆழமாகத் தோண்டாதீர்கள். பக்கவாட்டுச் சுவர் சரியக்கூடும். தனியே செல்லாதீர்கள்.

கண்ணாடி கிழித்தால், ஓடும் நீரிலும் சோப்பிலும் நன்றாகக் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு வாருங்கள். மண் பட்ட காயமெனில், கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தால் மீண்டும் போட வேண்டியிருக்கும். பெரியவர் துணியைச் சுற்றிக்கொண்டு மூன்று நாள் வீட்டிலேயே இருந்துவிட்டார். நாங்கள் பார்க்கும்போது சீழ் பிடித்திருந்தது. இன்னும் சில நாள் தாமதித்திருந்தால் ஒரு விரலை இழந்திருப்பார்.

மூடியுள்ள குப்பியில் நீர்மமோ தூளோ இருந்தால் திறவாதீர்கள், முகராதீர்கள். பழைய மருந்துகளில் பாதரசமும் பாஷாணமும் எட்டிச்சத்தும் இருந்ததுண்டு. வெற்றுக் குப்பியை வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊற வைத்து, உள்ளே ஒரு பிடி அரிசியும் நீரும் இட்டுக் குலுக்கினால் அழுக்கு நீங்கும். அந்த அரிசியைக் கோழிக்கும் போடாதீர்கள். எவ்வளவு கழுவினாலும் பழங்குப்பி பார்ப்பதற்கே, பருகுவதற்கன்று.

இன்றைய குப்பிகள்

நூறாண்டுக்கு முன் நஞ்சுக்குத் தனிக் குப்பி செய்தார்கள். நாமோ இன்று பூச்சிமருந்தைக் குளிர்பான பாட்டிலிலும், மண்ணெண்ணெயைத் தண்ணீர் பாட்டிலிலும் ஊற்றி மோட்டார் அறையில் வைக்கிறோம். தாகத்தோடு வரும் குழந்தைக்கு அது குளிர்பானமாகவே தெரியும். அவ்வாறு குடித்துவிட்ட குழந்தைகளுக்கு நான் மருத்துவம் செய்திருக்கிறேன். அவர்களுள் எல்லோரும் வீடு திரும்பவில்லை. அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் புகுந்துவிடும். 108ஐ அழையுங்கள், அந்தப் பாட்டிலையும் மறவாமல் உடன் கொண்டு வாருங்கள்.

பெரியவரின் கை ஆறிவிட்டது. கட்டுப் பிரிக்க வந்த அன்று, நீலக் குப்பியைப் பூட்டிய கண்ணாடி அலமாரியில் வைத்திருப்பதாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, “மோட்டார் ரூம்புல களைக்கொல்லிய சோடா பாட்டல்ல ஊத்தி வெச்சிருந்தேனுங்க. அன்னைக்கு ராத்திரியே போயி எடுத்து, மருந்து டப்பாவுலயே ஊத்திப் பூட்டிப்போட்டேன்” என்றார்.

இவ்விதழை மூடி வைத்ததும், நீங்களும் உங்கள் வீட்டு மோட்டார் அறையை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.